நைட் ஷிப்ட்டும் சளி மாத்திரையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட்டுக்கு வருகிறவரிடம், குடித்திருக்கிறாரா என்று வாயை ஊதச் சொல்லிப் பார்க்கும் ஆலைகள் உண்டு. சளி மாத்திரை போட்டீர்களா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும் என்கிறேன்.

இங்கே ஒரு ரோலிங் மில்லில் சேஃப்டி ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மார்கழியில் வெளியே பனி, உள்ளே ஃபர்னஸ் அனல். மூக்கு ஒழுகாத ஆளே இருக்காது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த கான்ட்ராக்ட் ஆட்களுக்கு லீவு என்றால் அன்றைய சம்பளம் போச்சு. வரும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் நிற்பார்கள். கடைக்காரர் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார். எச்சரிக்கை வாசகம் மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும். கையில் வந்தாலும் அது பொடி எழுத்து ஆங்கிலம்.

அந்த மாத்திரையில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் இருக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், தும்மலுக்குக் குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின். குளோர்பெனிரமின் தூக்கத்தை வரவழைக்கும். பெரியவர்கள் உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகலாம். காலையில் போட்டது ராத்திரி இரண்டு மணிக்கும் உள்ளே இருக்கும். எங்கள் மில்லில் பில்லட்டைத் தூக்கி நிறுத்தியபடியே ஒரு கிரேன் ஆபரேட்டர் கேபினில் கண் அசந்துவிட்டார். கீழே நின்ற ஹெல்பர் விசில் அடித்து எழுப்பினார். ஆபரேட்டர் சொட்டு மது தொடாதவர். சட்டைப் பையில் கத்தரித்த அட்டைத் துண்டு இருந்தது.

வாய் உலர்வது, சிறுநீர் அடைப்பது, வியர்வை குறைவது எல்லாம் இதே குளோர்பெனிரமினால் வரக்கூடியவை. ஃபர்னஸ் பக்கத்தில் நிற்கிறவனுக்கு வியர்வைதான் காப்பு. ஃபினைலெஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், நெஞ்சு படபடக்கலாம். பி.பி. உள்ள ஆளுக்கு இது வேண்டாத வேலை. அதுவும் எதற்காக? வாய்வழியாகச் சாப்பிடும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி நம் நாட்டிலும் 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. 2025 அக்டோபரில், பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தின் சுங்குவார்சத்திரத்தில் தயாரான சளி மருந்தான கோல்ட்ரிஃப் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது தெரியவந்தது. அதைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் செத்துப்போனார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அது நஞ்சு கலந்த மருந்து. நான் பேசுவது எந்தக் கலப்படமும் இல்லாத, சுத்தமான மாத்திரையைப் பற்றி.

கிரேன், ஃபோர்க்லிஃப்ட், லாரி ஓட்டுகிறவர்களுக்குக் கடைக்காரர் இதைக் கொடுக்கும்போது, தூக்கம் வரும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதையே ஆலை வாசலில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வைக்க வேண்டும். மாத்திரை போட்டேன் என்று உண்மையைச் சொல்பவருக்கு அன்று தரையில் வேறு வேலை கொடுக்க வேண்டும், சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காமல். பிடித்தால் மறுநாள் எவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.