ஒழுங்கையில் கிடக்கும் குசினிச் சுவர்



கிளிநொச்சிப் பக்கம் ஓர் உள் ஒழுங்கை. மாரி பிறந்தால் சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டிய சேறு. அண்மையில் போனபோது உடைந்த கல்லும் சீமெந்துக் கட்டியும் பரவி மேடாக்கியிருந்தார்கள். கூட நடந்த அம்மா ஒருவர் குனிந்து நீல வண்ணம் ஒட்டியிருந்த துண்டொன்றை எடுத்துக் காட்டினார். அவருடைய பழைய வீட்டுக் குசினிச் சுவராம். ஷெல் தின்றது போக மிஞ்சியது. முகத்தில் துக்கம் இல்லை. பேரப்பிள்ளைகளின் சப்பாத்து நனையவில்லை என்ற நிம்மதிதான் இருந்தது.

எனக்கும் சந்தோசம்தான். போர் முடிந்த 2009க்குப் பிறகு ஏ9 வீதி, பரந்தன் – முல்லைத்தீவு வீதி என்று போட்டுக்கொண்டே இருக்கிறோம். கிரவலுக்குக் காட்டைத்தான் தோண்டுகிறோம். இடிந்த கல் வீதிக்குப் போனால் அந்தளவு காடு தப்பும். 2004 சுனாமிக்குப் பின் காலியில் இடிபாட்டை மீளப் பயன்படுத்தவென்றே ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு ‘கோவாம்’ என்ற திட்டம் நடந்தது.

ஆனால் அந்தக் கல்லுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில், நெளிநெளியாக, உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற்றும் கிடந்தது. அதுதான் வயிற்றைக் கலக்கியது.

நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இலேயே தடை செய்துவிட்டது. வெள்ளை இன்னும் நம் கூரைகளில் இருக்கிறது. முழுச் சீற்றாகக் கூரையில் கிடக்கும்வரை பெரிய தொல்லை தராது. உழவு இயந்திரம் ஏறி ஏறி நொறுக்கினால் நார் தூசியோடு பறக்கும். நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்துக்கூட நோயாக வரும். அதற்குள் அந்த ஒழுங்கையை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்?

தண்ணீர் இன்னொரு கவலை. புதிதாக உடைத்த கொங்கிறீற்றில் ஊறி வரும் நீர் சுண்ணாம்புத் தண்ணீர் போலக் காரமானது. பிஎச் 12 வரை ஏறும். காற்றுப் பட்டு நாள்பட்டால் தணியும். ஆகவே உடைத்த கையோடு கிணற்றடியில் கொட்டாமல் ஆறப்போடுவது நல்லது. ஜிப்சம் பலகையிலிருந்து சல்பேற்று கரையும், பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம். ஜேர்மனியில் 2023 ஓகஸ்ற் முதல் நடைமுறையிலுள்ள விதி, இப்படியான பொருளிலிருந்து என்ன கரைகிறது என்று சோதித்து, நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்றும் பார்த்துத்தான் எங்கே போடலாம் எனத் தீர்மானிக்கிறது. நமக்கோ நிலத்தடி நீரோடு வெள்ளமும் உண்டு: 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது வீதி எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை.

கல்லில் குற்றமில்லை, கலப்பில்தான். பிரிக்க வேண்டிய இடம் வீதியல்ல, இடிக்கும் வளவு. இந்தக் கோடையில் பழைய வீட்டைப் பிரிப்பவர்கள் சீற்றைச் சுத்தியலால் உடைக்காதீர்கள். நனைத்து, ஆணி கழற்றி, முழுதாக இறக்கிப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். பிறகு பிரதேச சபையைக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். போர் நடந்த வளவென்றால், இடிபாட்டில் கை வைக்குமுன் கண்ணிவெடி அகற்றுபவர்களிடம் ஒரு வார்த்தை.

அந்த அம்மாவின் கிணறு ஒழுங்கை ஓரத்திலேயே இருக்கிறது. சீற்றுத் துண்டுகளைப் பொறுக்கப் பொடியன்களைக் கூப்பிடவா என்று கேட்டார். முதலில் தண்ணீர் தெளியுங்கள், வெறுங்கையால் தொட விடாதீர்கள் என்றேன். மாரி முடிந்ததும் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பதாகப் பேச்சு. உங்கள் ஒழுங்கையில் என்ன கொட்டியிருக்கிறது? எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்