பெயர் சொல்லி வேண்டுதல்

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயம் ஒரு தனி மனிதரின் நினைவாக எழுந்தது. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். நண்பர்கள் பொருள் திரட்டிக் கோயிலெழுப்பினர். அவர் பெயர் தாங்கிய நினைவுப் பலகை அங்கே உண்டு. யானைகளை நூற்றுக்கணக்கிற் சுட்டு வீழ்த்தியவர் என்று அவரைச் சொல்வர். அவருக்கும் நினைவு வேண்டியதே. அதனை நான் குறைகூறேன். என் வினா வேறு.

நான் அத்திருச்சபையைச் சேர்ந்தவனல்லன்; ஆண்டுதோறும் திவசம் செய்யும் குடியிற் பிறந்தவன். ஆதலின், இறந்தோர்க்காக வேண்டலாமா என்று அங்கிலிக்கன் சபையார் நெடுங்காலம் வாதிட்ட வரலாறு எனக்கு வியப்பளித்தது. அவர்களுடைய 1549ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்தில் அவ்வேண்டுதல் இருந்தது, 1552இல் நீக்கப்பட்டது. உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய உரோமைப் போதனையை விலக்கும் நோக்கமே காரணம். 1873இல் இங்கிலாந்தில் தோன்றிய சகல ஆத்துமாக்கள் சங்கம் பழைய வழக்கத்தை மீட்க முயன்றது. இறந்தவர் பெயரை ஏட்டிற் பதிந்து, அவர் மறைந்த நாளில் அப்பெயரைச் சொல்லி வேண்டுவது அதன் முறை. நம் திவசத்துக்கும் இதற்கும் எத்துணை அணிமை! 1914-18 போரிலே பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் பெருகியபோது எதிர்ப்புத் தணிந்தது. துயரத்தின் முன் தருக்கம் தலைசாய்த்தது எனலாம்.

ஆனால், எவருடைய பெயர் சொல்லப்படுகிறது? 1854இல் மலைநாட்டுத் தோட்டத் தமிழரிடையே ஊழியந் தொடங்கியோர் அதற்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயரிட்டனர். கூலி என்பது பெயரா? செக்ரோலிற் பேர் பதிந்து உழைத்தவர்களுள் எத்தனையோ பேருக்கு, மாண்டபின் ஒரு நடுகல்லும் இல்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அதற்கு நான்காம் நாள், நவம்பர் 2, இறந்தோரை நினைக்கும் சகல ஆத்துமாக்கள் தினம்!

ஊவாவின் ஆலயங்கள் அத்தினத்தில் தோட்டங்களில் மாண்டோர் பெயர்களையும் வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. மாண்டோருட் பெரும்பாலோர் சைவராயிற்றே என்பர் சிலர். இறந்தவரை மதம் மாற்றும்படி நான் கேட்கவில்லை. உறவினர் இசைவோடு, அவரவர் பெயரை மதிப்புடன் சொல்லுங்கள் என்றே கேட்கிறேன். கோயில்களும் தத்தம் முறையில் அவ்வாறே செய்யலாகும்.

பெயர்களைத் திரட்டும் பணி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உரியது. பாட்டனும் பாட்டியும் எத்தோட்டத்தில், எம்மலையில் அடங்கினர் என்று ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு முதியோரிடம் கேட்டு ஓர் ஏட்டில் எழுதட்டும். அம்முதியோரும் மறைந்துவிட்டால், வேண்டுவதற்கு மனமிருந்தும் சொல்வதற்குப் பெயரிராது.