யானையைக் கொண்டுபோய் விட்டால் பயம் தீருமா?



யானை வேளாண்மைக்குள் இறங்கியது, குசினிச் சுவரை உடைத்து நெல் மூட்டையை இழுத்தது, விடியுமுன் வயலுக்குப் போனவரை அடித்தது... இப்படிச் செய்தி வராத வாரம் நம் நாட்டில் இல்லை. சம்மாந்துறை, பொத்துவில், பொலன்னறுவை, புத்தளம் என்று எந்தப் பக்கத்தில் உங்களுக்கு உறவினர் இருந்தாலும் இந்தக் கதை காதில் விழுந்திருக்கும். 2023ஆம் ஆண்டில் மட்டும் 150இற்கு மேற்பட்ட மனிதர்கள் யானையால் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில் 400இற்கு மேற்பட்ட யானைகளும் செத்தன. அவற்றில் பல துவக்குச் சூட்டாலும் வெடியாலும் சட்டவிரோத மின்கம்பியாலும் மாண்டவை.

ஒரு மையித்து வீடு நடந்ததும் ஊரவர்கள் வீதிக்கு இறங்கிக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "யானையைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டில் விடுங்கள்!" பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய் வேறு எதைக் கேட்பாள்? கேட்பது நியாயம்தான். ஆனால், கேட்டது கிடைத்துவிட்டால் பயம் தீருமா? இதற்கு விடை தேடியவர் நம் நாட்டு விஞ்ஞானி கலாநிதி பிரித்திவிராஜ் பெர்னாண்டோ.

அவரும் அவரது குழுவினரும் யானைகளை மயக்கி, அவற்றின் கழுத்தில் ஒரு பட்டியைக் கட்டிவிடுவார்கள். அதிலுள்ள கருவி, யானை எந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்பதைச் செய்மதியின் உதவியால் குறித்துக்கொள்ளும். இப்படிப் பல வருடங்கள் பின்தொடர்ந்ததில் ஒரு விஷயம் தெளிவாயிற்று. நம் நாட்டு யானை, பலரும் நினைப்பதுபோல் நாடெல்லாம் சுற்றித் திரிவதில்லை. அதற்கென்று ஓர் இடம் உண்டு. பெரும்பாலும் நூறு சதுர கிலோமீற்றர் அளவான அந்த இடத்திலேயே, எந்தக் குளத்தில் எப்போது தண்ணீர், எந்தப் பற்றையில் எப்போது தீனி என்று அறிந்து அது காலத்தைக் கழிக்கிறது. நமக்கு நம் ஊர் எப்படியோ, அதற்கு அந்த இடம் அப்படி.

சரி, அந்த இடத்திலிருந்து அதைப் பெயர்த்துக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? 2012இல் இந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவைக் கேளுங்கள். ஊருக்குத் தொல்லை தந்த 12 ஆண் யானைகளைப் பிடித்துத் தேசிய பூங்காக்களில் கொண்டுபோய் விட்டார்கள். சிலவற்றை ஒரு தடவைக்கு மேல் பிடிக்க வேண்டியிருந்ததால் மொத்தம் 16 தடவைகள். இரண்டு யானைகள் விடப்பட்ட பூங்காவுக்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்றவை ஒன்றுகூட அங்கே தங்கவில்லை. சில, பிடித்த இடத்துக்கே திரும்பி வந்தன. சில, வழி தெரியாமல் ஊர் ஊராக அலைந்தன. சில, வேறோர் ஊர்ப் பக்கம் போய்க் குடியேறின. ஓர் ஊரில் இருந்த தொல்லை பல ஊர்களுக்குப் பரவியதே கண்ட பலன். யானைகளின் சாவும் கூடியது. நம் வீட்டுப் பயத்தை லொறியில் ஏற்றி இன்னொரு தாயின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டால் அது தீர்வாகுமா?

யானைகளைக் கூட்டமாக விரட்டிப் பூங்காவுக்குள் அடைப்பதும் நடந்திருக்கிறது. 2000களின் நடுப்பகுதியில் தெற்கே லுணுகம்வெஹெர தேசிய பூங்காவுக்குள் இப்படி விரட்டினார்கள். இங்கேதான் நாம் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வெடிக்கும் கூச்சலுக்கும் பயந்து ஓடுவது எது? குட்டிகளோடு திரியும் பெண் யானைக் கூட்டம்தான். பயிரை அதிகம் அழிப்பது ஆண் யானைகள். அவையோ எளிதில் ஓடுவதில்லை, பின்னால் தங்கிவிடுகின்றன. ஆக, தொல்லை குறைந்த தாய்களும் குட்டிகளும் வேலிக்குள் அடைபட, தொல்லை தந்தது ஊரிலேயே நின்றுகொள்கிறது. பூங்காவுக்குள்ளும் ஏற்கனவே தாங்கக்கூடிய அளவுக்கு யானைகள் உண்டு. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு சுமார் 150 கிலோ தீனி வேண்டும். இருக்கும் பானைச் சோற்றில் இன்னும் நூறு பேரைக் குந்த வைத்தால் என்ன ஆகும்? அடைபட்ட யானைகள் எலும்பும் தோலுமாக மெலிந்தன. குட்டிகள் செத்தன.

"காட்டு மிருகத்தைக் காட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்" என்றும் சிலர் சொல்வார்கள். 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில் பெர்னாண்டோ குழுவினர் காட்டியது இது: இலங்கையின் நிலப்பரப்பில் சுமார் 60 சதவீதத்தில் யானைகள் நடமாடுகின்றன, அந்த இடங்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் மனிதர்களும் வாழ்கிறார்கள். ஆகவே யானை எல்லாவற்றையும் பூங்காவுக்குள் தள்ளுவது நடக்கிற காரியமல்ல.

அப்படியானால் வழி என்ன? யானையைச் சுற்றி வேலி போடாதீர்கள், மனிதனையும் அவனது பயிரையும் சுற்றி வேலி போடுங்கள் என்பதே அவரது முடிவு. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் மின்சார வேலி இந்நாட்டில் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி காட்டின் எல்லையில், பல இடங்களில் காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே நிற்கிறது. இரு பக்கமும் யானை! பக்கத்தில் ஆளில்லாததால், கம்பியைத் தொடாமல் தூணை மட்டும் மிதித்துத் தள்ள யானை ஆறுதலாகப் பழகிக்கொள்கிறது.

இதற்கு மாறாக ஊரைச் சுற்றிப் போடும் வேலி நிரந்தரமானது. ஊரவர்களே அதைப் பார்த்துக்கொள்வார்கள். வயலைச் சுற்றிப் போடும் வேலியோ தற்காலிகமானது. விதைக்கும்போது விவசாய அமைப்பினர் சேர்ந்து போடுவார்கள். அறுவடை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். பிறகு வயலில் மிஞ்சிய தாளையும் புல்லையும் யானை வந்து தின்னட்டும். பயிர் நிற்கும்வரை வயல் நமக்கு, அறுத்த பிறகு அதற்கு. குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவப் பக்கத்தில் இதைச் செய்து பலன் கண்டிருக்கிறார்கள். 2020இல் பெர்னாண்டோவின் தலைமையில் அமைந்த குழு அரசாங்கத்திடம் கையளித்த தேசிய செயற்திட்டத்திலும் இந்த வேலிகளே முக்கிய இடம் பெற்றன.

இவ்வேலியில் பாயும் மின்சாரம் விட்டு விட்டு வரும். அதிர்ச்சி தருமே தவிர ஆளைக் கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பது அப்படியல்ல. அது யானையையும் கொல்லும், அவ்வழியே போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கொல்லும். உங்கள் வீட்டு ஆண்கள் யாராவது அப்படி நினைத்தால் தடுத்து நிறுத்துங்கள். வெடி கொளுத்தி நாள்தோறும் விரட்டுவதும் யானையை மூர்க்கமாக்குகிறது. மனிதரைக் கண்டு ஒதுங்கியது, நாளடைவில் எதிர்த்து வரப் பழகுகிறது.

யானை வரும் ஊர்களில் வாழும் சகோதரிகளே, உங்கள் கையில் உள்ளவையும் சில உண்டு. நெல்லைப் படுக்கும் அறையிலும் குசினியிலும் அடுக்கி வைக்காதீர்கள். அதன் வாசனைதான் யானையைச் சுவரருகே கொண்டுவருகிறது. இருட்டில் வெளிச்சமில்லாமல் வெளியே போகவும் விடாதீர்கள். வீட்டுக் குப்பையில் சாப்பாட்டு மிச்சத்தையும் ஷொப்பிங் பையையும் சேர்த்துக் கட்டாதீர்கள். அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக்கைத் தின்று செத்த யானைகளின் வயிற்றில் இருந்தது வீடுகளிலிருந்து போன குப்பைதான்.

அடுத்த முறை ஊர்க் கூட்டத்தில் யானைப் பேச்சு எழும்போது, "பிடித்துக்கொண்டு போங்கள்" என்பதோடு நின்றுவிட வேண்டாம். "எங்கள் ஊரைச் சுற்றி வேலி எப்போது? அதை யார் பார்த்துக்கொள்வது? கம்பியின் கீழே வளரும் புல்லை எந்தக் கிழமை யார் வெட்டுவது?" என்று கேளுங்கள். ஆண்கள் கேட்க மறந்தால் நீங்கள் கேளுங்கள். இரவில் விழித்திருப்பவர்கள் நீங்கள்தானே.