கோப்ளினுக்கு ஐம்பது, சமாதானத்துக்கு முட்டை

போன மாதம் எங்கள் ஆட்டத்தில் ஒரு கிராமத்தைக் காப்பாற்றினோம். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. பரிசாகக் கிடைத்தது முட்டை. அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்றால் நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, சேர்ந்து ஒரு கதையை நடத்துவது. கதையின் உலகம், எதிரிகள், வழிப்போக்கர்கள் எல்லாம் ஒருத்தர் பொறுப்பு. அவர் பெயர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்தக் குடும்பத்துக்கு மூத்த பிள்ளை. நாங்கள் ஆடுவது அதன் ஐந்தாம் பதிப்பு, 2014-ல் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கிராமத்துச் சாலையை மறித்து வழிப்பறி செய்யும் பன்னிரண்டு கோப்ளின்கள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி, வழக்கமாக வாயே திறக்காதவள், அன்று இரண்டு மணி நேரம் பேசினாள். கோப்ளின் தலைவனைப் போய்ப் பார்த்தாள். பசிதான் பிரச்சினை என்று கண்டுபிடித்தாள். திரும்பி வந்து ஊர்ப் பெரியவரிடம் மல்லுக்கு நின்றாள். கடைசியில் ஒப்பந்தம்: வழிப்பறி நிற்கும், கோப்ளின்கள் சாலையைக் காவல் காக்கும், ஊர் அதற்குத் தானியம் தரும். மேஜையே கைதட்டியது.

அப்புறம் டிஎம் கணக்கு போட்டார். "சண்டையே நடக்கலையே, எக்ஸ்.பி. கிடையாது."

கோப்ளின் ஒன்றுக்கு 50 புள்ளி. பன்னிரண்டுக்கு 600. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 150. இரண்டாம் லெவலுக்கு 300 போதும், ஆக பாதி தூரம். அதை நாங்கள் பேசியே தொலைத்திருக்கிறோம்! அடுத்த வாரம் அவள் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "இன்னைக்கு யாரை அடிக்கணும்?"

டிஎம்மைத் திட்டிப் பயனில்லை. பேச்சில் முடித்த காரியத்துக்கும் புள்ளி தரலாம் என்று புத்தகம் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அது டிஎம் மனசு வைத்தால். ராட்சசர்களுக்கோ ஒவ்வொன்றுக்கும் விலை அச்சடித்திருக்கிறது. ஒன்று கூலி, இன்னொன்று டிப்ஸ். டிப்ஸை நம்பி யார் வேலைக்குப் போவார்கள்?

பி.காம். படிக்கிறவனுக்கு இது புது விஷயம் இல்லை. 1975-லேயே ஸ்டீவன் கெர் என்பவர் ஒரு பிரபலமான நிர்வாகவியல் கட்டுரையில் சொன்னதன் சாரம் இதுதான்: எதிர்பார்ப்பது ஒன்று, பரிசு கொடுப்பது வேறொன்று. அப்புறம் எல்லோரும் பரிசு கிடைக்கிற வேலையையே செய்கிறார்கள் என்று புலம்புகிறோம். "நல்லா கதாபாத்திரமா வாழுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் பிணத்தை எண்ணிச் சம்பளம் கொடுத்தால் என்ன நடக்கும்?

"இது சண்டை விளையாட்டு தம்பி, பிடிக்கலைன்னா வேற ஆடு" என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஆரம்ப காலத்தில் இந்த ஆட்டத்தில் பெரும்பாலான புள்ளி புதையலிலிருந்துதான் வந்தது. ஒரு தங்கக் காசுக்கு ஒரு புள்ளி. ராட்சசனைக் கொன்றால் கிடைப்பது அதோடு ஒப்பிட்டால் சில்லறை. அதனால் விவரமானவர்கள் டிராகனை எழுப்பாமல் காசை மட்டும் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு அந்தத் தங்கக் கணக்கை விருப்ப விதியாக்கியது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் வீழ்த்திய எதிரியின் ஆபத்து அளவே பிரதான கணக்கு. கூலி மாறியது, வேலையும் மாறியது. இன்னொன்று: 1978 விதிப்படி ஒன்பதாம் லெவலைத் தொட்ட போர்வீரன் பிரபு ஆவான். கோட்டை கட்டிக் குடிமக்களிடம் வரி வாங்கலாம். வாள் சுழற்றுவதன் முடிவே ஊரில் ஓர் இடம் என்றுதான் அன்றைக்கு நினைத்தார்கள்.

அந்தஸ்தையே ஆட்டமாக்கியவர்களும் உண்டு. 1975-ல் வந்த என் கார்ட், 17-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் நடக்கிறது. வாள்சண்டை விதிகளாகத் தொடங்கிய அந்த ஆட்டத்தில் உண்மையான ஏணி சமூகப் படிநிலைதான். நல்ல கிளப்பில் தலை காட்டு, படையில் பதவி வாங்கு, ஏறு. போதுமான மதிப்பைச் சேர்க்காவிட்டால் இறங்கு. 1985-ல் கிரெக் ஸ்டாஃபர்டு எழுதிய பென்டிராகனில் ஆர்தர் மன்னனின் வீரர்கள் சேர்ப்பது புகழ். போரிலும் கிடைக்கும், திருமணத்திலும் கிடைக்கும். வீரப்பட்டம் பெற்றாலே 1000.

"மைல்ஸ்டோன் முறை இருக்கே?" என்பது அடுத்த வாதம். அதாவது கதையில் ஒரு கட்டம் தாண்டியதும் எல்லோருக்கும் ஒரு லெவல். இது மாதச் சம்பளம். கொன்றாலும் ஒன்று, காப்பாற்றினாலும் ஒன்று. அதோடு லெவல் ஏறினால் கிடைப்பது என்ன? இன்னும் கொஞ்சம் உயிர்ப்புள்ளி, இன்னும் பலமான அடி. சமாதானத் தூதுவனுக்குப் பரிசாக அரிவாள் கொடுப்பது போல. எதற்குப் பரிசு என்பது மட்டும் கேள்வி இல்லை, என்ன பரிசு என்பதும் கேள்வி.

"வாய்ச்சவடால்காரன் ஒருத்தனே எல்லாத்தையும் அள்ளிடுவான்." நியாயமான பயம். ஆனால் சண்டையிலும் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன் அள்ளத்தானே செய்கிறான்? வழி இருக்கிறது. புள்ளி கூட்டத்துக்கு, தனி ஆளுக்கு இல்லை. அதுவும் பேசியதற்கு இல்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதற்கு. தானியம் கோப்ளின்களிடம் போய்ச் சேர வேண்டுமே, அதை வண்டியில் ஏற்றுபவனும் வழியில் காப்பவனும் பங்காளிகள்தான்.

"பதவிக்கு அலைவது மட்டும் உசத்தியா?" இல்லை. என் கார்ட் ஆட்டமே வெட்கமில்லாத பதவி வேட்டைதான். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. காக்கா பிடிப்பவனுக்குக்கூட எதிராளி உயிரோடு இருந்தாக வேண்டும். எக்ஸ்.பி.யைப் பிணத்திலிருந்து எடுத்துவிடலாம், மதிப்பை எடுக்க முடியாது. அதை இன்னொருத்தர் தர வேண்டும். தந்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். அந்தப் பயத்தில்தான் நல்ல கதை பிறக்கிறது. கோப்ளின் என்றால் 50 என்று பழகிவிட்ட கண்ணுக்கு அதன் பசி எப்படித் தெரியும்?

சண்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருக்கட்டும், ஆனால் வரவில் இல்லை, செலவுக் கணக்கில். காயம், இழப்பு, பகை எல்லாம் அந்தப் பக்கம்.

அடுத்த ஆட்டத்தில் டிஎம் நாற்காலியில் நான். ஒப்பந்தத்துக்கு 600, காப்பாற்றிய வாக்குக்கு 300, கொலைக்குப் பூஜ்யம் என்று முதலிலேயே எழுதி மேஜை மேல் வைக்கப்போகிறேன். "யாரை அடிக்கணும்" என்று கேட்டவள் "யாரைப் பார்க்கணும்" என்று கேட்கிறாளா இல்லையா, பார்த்துவிடலாம் :-)