இந்தியன் கார் எண்டால் தகரமா?

"யப்பான் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு, இந்தியன் எண்டால் தகரம்." எங்கட வீடுகளில் கார்க் கதை தொடங்கினால் முதல் வாற தீர்ப்பு இதுதான். சும்மா கதை!

2014இல் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் தயாரான வொக்ஸ்வாகன் போலோவை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. உடற்கூடு குலையாமல் நின்றது. ஆனால் மலிவு மாடலில் எயார்பேக் இல்லை. பெரியவர்களின் பாதுகாப்புக்கு 0 நட்சத்திரம். இரண்டு எயார்பேக் பூட்டிய அதே காருக்கு 4. நாடு மாறவில்லை. மாறியது கம்பனியின் முடிவு.

நாட்டைத் திட்டினால் கம்பனி தப்பிவிடும், பழி தொழிலாளியின் தலையில் விழும். இனி "எந்த நாட்டுக் கார்?" எண்டு மட்டும் கேக்காதேங்கோ. "இதில என்னத்தைக் குறைச்சுப்போட்டு விக்கிறியள்?" எண்டு கேளுங்கோ.