அந்தத் தண்ணீர் ஓடிப்போவதில்லை

வீட்டில் ஹொட் டப் வைத்திருக்கிறவரைப் பார்த்து எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "உங்களுக்கென்ன, குடுத்து வைச்சனீங்கள்." ஒன்ராறியோவின் மாசி மாதக் குளிரில், வெளியே மைனஸ் 15 காட்டும்போது 39 பாகைச் சுடுதண்ணீரில் கழுத்தளவுக்கு இருப்பது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பது யார் என்று ஒருவராவது கேட்டதில்லை. வந்து இறங்குகிற பலருக்கு, தொட்டிக்குள் ஃபில்ட்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

குளியலறைத் தொட்டி என்றால் அடைப்பை இழுத்துவிட்டதும் அழுக்குத் தண்ணீர் போய்விடும். ஹொட் டப்பில் அப்படியில்லை. எங்கள் தொட்டி கிட்டத்தட்ட 1,500 லீற்றர் பிடிக்கும். அதை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் இறைத்து மாற்றுகிறோம். அதுவரைக்கும் அதே தண்ணீர்தான் பம்ப், ஃபில்ட்டர், ஹீற்றர் என்று சுற்றிச் சுற்றி வருகிறது. கிணற்றடியில் குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள். சவர்க்காரத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கிணற்றுக்குள் திரும்ப விழ விடமாட்டோம். அது வாய்க்காலால் ஓடி வாழைக்குப் போகும். அந்தக் கிணற்றுக்குள்ளேயே நாலு பேர் எண்ணெய்த் தலையோடு இறங்கி ஊறினால் விடுவோமா? இங்கே அதைத்தான் செய்கிறார்கள், அதுவும் சிரித்துக்கொண்டு.

அளவையும் யோசித்துப் பாருங்கள். 1,500 லீற்றரில் நாலு பேர் இருப்பது, 60,000 லீற்றர் நீச்சல்குளத்தில் 160 பேர் இருப்பதற்குச் சமம். அத்தனை பேரின் வியர்வையையும் ஊத்தையையும் தாங்குவது, முழங்கை நீளத்தில் ஒரு மடிப்புத் துணி உருளை.

அதைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் என் எரிச்சல் விளங்கும். பொலியெஸ்டர் துணியை விசிறிபோல மடித்து மடித்துச் சுற்றியிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது வெள்ளை வெளேரென்று இருக்கும். ஒரு நீண்ட வார இறுதிக்கு உறவுக்காரர் வந்துபோன பிறகு எடுத்தால் சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம். மடிப்புகளை விரல்களால் விரித்தால் அடியில் கூழ்போல ஒன்று படிந்திருக்கும். நீளத் தலைமயிர்கள் அதற்குள் பின்னிக் கிடக்கும். பைப்பைப் பிடித்துக் கழுவினால் தூசியும் மயிரும் போகும், எண்ணெய் போகாது. துணியைத் தொட்டால் வழுவழுவென்று இருக்கும், தண்ணீர் அதில் ஊறாமல் முத்து முத்தாக நிற்கும். தேங்காய் எண்ணெய், சன்ஸ்கிரீன், உடம்புக்குப் பூசுகிற லோஷன், தலைக்குப் போடுகிற கண்டிஷனர் எல்லாம் அதற்குள்தான். நீச்சல் உடுப்பைத் துவைத்த சோப்புத்தூளைச் சரியாக அலசாமல் போட்டு வந்தால் அதுவும் சேர்ந்து மேலே நுரை தள்ளும்.

எண்ணெயை எடுக்க ஃபில்ட்டருக்கென்று விற்கிற மருந்தைக் கரைத்து இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். சுண்ணாம்பு படிந்திருந்தால் பிறகுதான் அசிட். எண்ணெய் இருக்கும்போதே அசிட்டில் போட்டால் அழுக்கு துணியோடு இறுகிவிடும், பிறகு தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. "பிரஷர் வோஷரால அடிச்சால் ரெண்டு நிமிச வேலை அண்ணை" என்று சொல்லித்தருகிறவர்களும் உண்டு. அந்த வேகத்தில் துணியின் இழை கிழிந்துபோகும். பார்வைக்கு நல்லாய்த்தான் இருக்கும், ஆனால் அதற்குப் பிறகு எதையும் பிடிக்காது.

கோடையில் இந்த வேலையை முற்றத்தில் செய்யலாம். பனிக்காலத்தில் வெளிப் பைப் உறைந்து வெடிக்காமலிருக்க ஐப்பசியிலேயே பூட்டிவிடுகிறோம். அதனால் ஃபில்ட்டரை வாளியில் வைத்துச் சொட்டச் சொட்ட வீட்டுக்குள்ளால் கொண்டுபோய், பேஸ்மென்றில் உடுப்புத் தோய்க்கிற தொட்டியில் குனிந்து நின்று, ஒவ்வொரு மடிப்பாக மேலிருந்து கீழே கழுவ வேண்டும். வேலையைத் தள்ளிப்போடவும் முடியாது. ஃபில்ட்டர் அடைத்தால் தண்ணீர் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் ஹீற்றர் தானாக நின்றுவிடும். மைனஸ் 20இல் அதைக் கவனிக்காமல் இரண்டு நாள் விட்டால் குழாய்கள் உறைந்து பிளந்துவிடலாம். பிறகு ஆயிரக்கணக்கில் செலவு.

"குளோரின் போடுறீங்கள்தானே அத்தான், அது எல்லாத்தையும் கொல்லும்" என்கிறார்கள். கொல்லும், குளோரின் மிச்சமிருந்தால். சுடுதண்ணீரில் அது கெதியாகத் தீர்ந்துபோகிற சாமான். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் குறைந்தது 3 பிபிஎம் இருக்கவேண்டும் என்கிறது. வியர்வையும் சிறுநீரும் லோஷனும் வந்து விழும்போது குளோரின் அவற்றோடு மல்லுக்கட்டியே முடிந்துவிடுகிறது. மூக்கைக் குத்துகிற அந்த மணத்தைக் குளோரின் கூடிப்போனதென்று சொல்லி மூக்கைச் சுளிக்கிறார்களே, அது பெரும்பாலும் குளோரினும் உடம்பு அழுக்கும் சேர்ந்து உண்டாகிற குளோரமீன். கொண்டுவந்து கொட்டியவர்களே மணக்குதென்று முறைப்பாடும் சொல்கிறார்கள்.

இது வெறும் அசிங்கத்தோடு நின்றுவிடுகிற விஷயமும் இல்லை. கிருமிகள் ஃபில்ட்டரின் வழுக்கல் படலத்துக்குள் பதுங்கிவிட்டால் குளோரின் அவற்றை இலகுவில் தொடாது. சூடோமோனாஸ் என்கிற கிருமியால் மயிர்க்கால் தோறும் சிவந்த பருக்கள் வரும். லீஜனெல்லா அதைவிடப் பொல்லாதது. தண்ணீர் ஆவியோடு சேர்ந்து நெஞ்சுக்குள் போய் நியூமோனியாவைக் கொண்டுவரும். 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், காட்சிக்காக ஓடவிட்டிருந்த சுடுநீர்த் தொட்டியிலிருந்து அது பரவியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தத் தொட்டிப் பக்கம் வந்து அதன் ஆவியைச் சுவாசித்ததுதான் அவர்கள் செய்தது. அதை வாசித்த பிறகு எனக்கு இந்த வேலையில் அசட்டை வந்ததே இல்லை. மற்றவர்களின் அசட்டைதான் பொறுக்கமுடியாமல் இருக்கிறது.

ஃபில்ட்டர் தயாரிப்பாளர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. கொம்பனிக்கு ஒரு நீளம், மொடலுக்கு ஒரு மரை. ஒரு வருடம், கவனமாகப் பாவித்தால் இரண்டு வருடம் போகும் சாமான். மாற்ற வேண்டிய நேரத்தில் கடைக்காரர் "அது இப்ப வாறேல்லை" என்று கையை விரிக்கிறார். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற நாலைந்து அளவுகளை வைத்துக்கொள்ள இவர்களுக்கு என்ன கஷ்டம்?

அதெல்லாம் கொம்பனிக்காரர் பாடு. என் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது சின்ன உதவி. "காலமை தோஞ்சனான்தானே" என்று சொல்லாதீர்கள்; காலையில் தோய்ந்த பிறகு பூசிய எண்ணெயும் கிரீமும்தான் எனக்குப் பிரச்சினை. இறங்குவதற்கு முன்னால் சவர்க்காரம் போட்டு மேலைக் கழுவுங்கள், இரண்டு நிமிடம் காணும். தலைமயிரை உயர்த்திக் கட்டுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப் போய்விட்டுக் கொண்டுவாருங்கள். குளியலறை உள்ளே வலப்பக்கம், கதவடியில் துவாய் மடித்து வைத்திருக்கிறேன். கழுவிக்கொண்டு வாருங்கள், எவ்வளவு நேரமென்றாலும் இருங்கள்.