பழைய ஸ்கர்டிங்கைக் கழற்றி எறியாதீர்கள்

ஈஸ்ட் ஹாமில் நம் ஆட்கள் வீடு வாங்கித் திருத்தத் தொடங்கினால் முதலில் ஸ்கிப்புக்குப் போவது சுவரடியில் இருக்கும் ஸ்கர்டிங் போர்டுதான். அந்த இடத்தில் வெள்ளை எம்டிஎஃப் பலகை ஏறும். இது பெரும்பாலும் வீண் செலவு என்பது என் கருத்து.

நம் தெருக்களின் வரிசை வீடுகளில் பல, 1903இல் திறந்த டவுன் ஹாலின் வயதை ஒட்டியவை. அவற்றில் இருப்பது நல்ல பைன் மரம். அடிபட்ட இடத்தை ஃபில்லர் வைத்து அடைக்கலாம், உளுத்த துண்டை மட்டும் வெட்டி மாற்றலாம். சாதாரண எம்டிஎஃப் ஈரம் பட்டால் ஊதிவிடும். ஊதினால் திரும்பச் சரியாகாது.

புதுத் துண்டு போடத்தான் வேண்டுமென்றால், மூலையில் கவனம். பழைய வீட்டுச் சுவர்கள் 90 பாகையில் சந்திப்பது அபூர்வம். உள்மூலையில் இரண்டு பலகையையும் 45 பாகையில் வெட்டிச் சேர்த்தால், மரம் சுருங்கும்போது இடைவெளி வாய் பிளக்கும். ஒரு பலகையைச் சுவர்வரை நேராக விட்டு, மற்றதன் முனையை அதன் வளைவுக்கு ஏற்றபடி கோப்பிங் சாவால் வெட்டிப் பொருத்துங்கள். இதற்கு ஸ்க்ரைபிங் என்று பெயர். வெளிமூலைக்கு மட்டும் மைட்டர்.

ஒன்றில் விளையாடாதீர்கள். 1970க்கு முந்தைய வீட்டின் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி சின்னத் தம்பி தங்கைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். டெஸ்ட் கிட் வாங்கிச் சோதியுங்கள். ஈயம் இருந்தால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. பெயின்ட் உறுதியாக இருந்தால் மேலேயே புதுப் பூச்சு போடுங்கள். உரிந்திருந்தால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

"படிச்ச பிள்ளை ஏன் இதெல்லாம் செய்யோணும்?" என்று வீட்டில் கேட்பார்கள். நான் இன்ஜினியரிங்கில் மாஸ்டர்ஸ் முடித்தவன், ஐடியில் வேலை. எந்த வகுப்பிலும் ஒரு பலகையைச் சுவரோடு பொருத்தச் சொல்லித் தரவில்லை. கைவேலையைக் கீழாகப் பார்க்கும் பழக்கம் ஊரிலிருந்து சாதியோடு சேர்ந்து வந்தது. அதை லண்டனிலும் நாம் சுமக்க வேண்டியதில்லை. தச்சரிடம் வேலை கொடுத்தாலும், பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள், கூலியைக் குறைக்கப் பேரம் பேசாதீர்கள்.

வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் துண்டில் தொடங்குங்கள். அங்கே பிழைத்தாலும் யாருக்கும் தெரியாது.